காலி நிலத்தில் நாற்பத்தொரு அடுப்பு

பூமிசாஸ்திரத்தில் மேற்படிப்பு என்றால் பெரிய உலகப் படத்துக்கு முன்னால் பிரம்போடு நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று மாதத்துக்கு ஒரு சோடிச் செருப்பைத் தின்னும் தொழில். ஆராய்ச்சி என்ற பெயரில் அடுத்தவர் வாசலில் நின்று, முதலில் நாய்க்கும் பிறகு வீட்டுக்காரருக்கும் பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இதில் நான் சொல்லப்போகும் எதையும் நீங்கள் நம்புவீர்கள். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு வந்த இரண்டு மூன்று வருடங்களில் நடந்தவை இவை. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று கொழும்பு முழுக்கக் கதைத்தார்கள். அவன் இன்னும் பெட்டி கட்டத் தொடங்கவில்லை.

மழை நல்ல விசயம்

எங்கள் பேராசிரியர் ஓர் ஆங்கிலேயர். எம்.ஏ. படிக்க வந்த முதல் பெண் நான்தான் என்பதால் எனக்கென்று ஒரு தலைப்பைத் தயாராக வைத்திருந்தார்: மேல் மாகாணத்தின் மழைவீழ்ச்சி. நல்ல தலைப்புத்தான். பழைய மழைப் பதிவேடுகளை எடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் எழுதி முடித்துவிடலாம். நான் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன்.

கொழும்பில் தோட்டம் என்றால் அங்கே பூவும் இல்லை, தேயிலையும் இல்லை. ஒருவருடைய நிலத்தில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். எல்லாருக்கும் சேர்த்து நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். நகரத்தைத் திட்டமிட வேண்டும் என்று அந்த நாட்களில் எல்லாரும் மேடையில் பேசினார்கள். அந்த நகரத்தில் யார், எங்கே, எத்தனை பேர் படுத்தெழும்புகிறார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. "துறைமுகத்துப் பக்கம் இளம் பெண்கள் போகும் இடமல்ல" என்றார் பேராசிரியர். "அங்கே நிறைய இளம் பெண்கள் குடியிருக்கிறார்கள், சேர்" என்றேன். அவர் சுங்கானைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். கடைசியில் சொன்னார்:

"சரி, மிஸ் பூரணம். ஆனால் மழை ஒருபோதும் எங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காது, அதையும் யோசித்துப் பாருங்கள்."

நாடாவின் மறுமுனை

நூறு அடி அளவு நாடாவுக்கு இரண்டு முனை. இரண்டையும் விரித்துப் பிடிக்க எனக்கு நூறடிக் கை இல்லை. கூடப் படித்த இரண்டு ஆண்களும் உதவிக்கு வருவதாகச் சொன்னார்கள். ஆனால் அளப்பதை அவர்கள் அளப்பார்களாம், நான் எழுதிக்கொண்டால் போதுமாம். வேண்டாம் என்றேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, அங்கிருந்து நடந்து தோட்டத்துக்குப் போனேன். நாடாவின் ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு மற்ற முனையோடு நடக்கத் தொடங்கினேன்.

பத்தடி போகவில்லை, நாடா பின்னால் இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் என் வயதுப் பெண் ஒருத்தி குழாயிலிருந்து அதை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். கழுத்தில் தையல்காரரின் அங்குல நாடா. அவள் பெயர் பெர்னதெத் என்று பிறகுதான் தெரியும். "பைப்பை வெட்டவா வந்தீங்க?" என்றாள். இல்லை, படம் கீற என்றேன். "யாருக்கு?" பரீட்சைக்கு. "பரீட்சைக்குப் பொறகு?" நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன். அவள் நாடாவை விடவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். அன்று பின்னேரம் வரை அந்த முனை அவள் கையில்தான் இருந்தது. போகும்போது சொன்னாள்:

"அளந்தா சட்டை தைக்கணும், மிஸ். அளந்துட்டுச் சும்மா போனா அதுக்குப் பேர் வேற."

உளவாளி

சண்டைக் காலத்தில் துறைமுகத்தில் குண்டு விழுந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் ஒரு பெண் காகிதமும் பென்சிலுமாகச் சந்தியில் நின்றால், அவளைப் பொலிஸ்காரர் சும்மா விடமாட்டார். "நோனா, என்ன எழுதுறது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். குழாயும் கக்கூசும் எண்ணுகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதால்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார் என்று நினைக்கிறேன். நம்பக்கூடிய பொய்யாக ஏதாவது சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

ஸ்டேஷனில் இருந்த சார்ஜன்ட் சிங்களவர்; கொட்டாஞ்சேனையில் பழகிய தமிழ் நன்றாக வந்தது. என் படத்தை மேசையில் விரித்து விரலால் ஒவ்வொரு சந்தாகத் தடவிப் பார்த்தார். பிறகு முகம் கடுத்தது. "எங்கட ஸ்டேஷன் எங்க?" என்றார். "கீறவில்லை. கீறியிருந்தால் உளவு பார்த்ததாக எழுதுவீர்கள்" என்றேன். "கக்கூசை மட்டும் ஏன் எண்ணுறது?" என்றார். "நாற்பத்தொரு வீட்டுக்கு நாலு இருக்கிறது. அதில் ஒன்றுக்குக் கதவில்லை. இதை யாராவது எழுதிவைக்க வேண்டாமா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. அவர் படத்தைச் சுருட்டி, நூலும் கட்டி, என்னிடம் நீட்டினார்:

"பொம்பிள ஒருத்தி கக்கூஸ் எண்ணுறா எண்டு நான் மேலிடத்துக்கு எழுதினா, எனக்குத்தான் லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்புவாங்க."

கிருலப்பனையிலிருந்து வந்தவர்கள்

அந்த மாதமே எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீடு கிருலப்பனை. பையன் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். என் ஐயா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வந்து சேரும் எதையும் மதிப்பார். அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்ததிலேயே அவருக்குப் பாதிச் சம்மதம். மாப்பிள்ளையின் தாயார் உழுந்துவடையைக் கையில் எடுத்தபடி, "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டார். "பூமிசாஸ்திரம்" என்றார் அம்மா பெருமையாக. "எந்த நாட்டைப் பற்றி?" என்று கேட்டார் அந்த அம்மா. "கொட்டாஞ்சேனை" என்றேன். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். சார்ஜன்டுக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னேன். வடை தட்டுக்குத் திரும்பிப் போனது.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. மாப்பிள்ளை சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "கலியாணத்துக்குப் பிறகு இந்த அலைச்சலை நிப்பாட்டலாம்தானே." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மாட்டன்" என்றேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவர்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மரியாதையாக எழும்பிப் போனார்கள். அம்மா குசினிக்குள் போய்ச் சத்தமாகப் பாத்திரம் கழுவினார். ஐயா வாசல் கேற்றைச் சாத்திவிட்டு வந்து, மிச்ச வடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"'யோசிச்சுச் சொல்லுறன்' எண்டு சொல்லியிருக்கலாம், பிள்ளை, உனக்கு நான் தமிழில அதையும் படிப்பிச்சனான்."

காலி நிலம்

ஒருநாள் நான் போனபோது தோட்டத்தில் தையல் மெசின் சத்தம் இல்லை. பெர்னதெத் ஒரு கடிதத்தை நீட்டினாள். நிலத்துச் சொந்தக்காரர் அங்கே துறைமுகச் சரக்குக்குக் கிட்டங்கி கட்டப் போகிறாராம். நிலம் காலி நிலம் என்றும், சண்டைக் காலத்தில் துறைமுகத் தொழிலாளர் போட்ட சில தற்காலிகக் கொட்டில்கள் மட்டும் நிற்கின்றன என்றும், அவற்றை அகற்றக் கட்டளையிட வேண்டும் என்றும் வழக்கு. ஆதாரமாக ஒரு பழைய படம். அதில் எல்லைக்கோடும் பதினொரு தென்னைமரமும் மட்டும் இருந்தன. ஒரு வீடுகூட இல்லை. பெர்னதெத் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பக்கத்து மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். தான் பிறந்த இடம் காலி என்று எழுதியிருந்ததை அவள் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தாள்.

இருவருமாக, கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடைக்குப் போனோம். தோட்டத்து ஆட்களுக்காக வாதாட ஒத்துக்கொண்டவர் பிரக்கிராசி நூர்தீன். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே அவருடைய அறை. நான் கொண்டுபோன படத்தையும், வீடு வீடாக விசாரித்து எழுதிய புத்தகத்தையும் பார்த்தார். ஒவ்வொரு அடுப்பையும் ஒரு வீடாகக் கணக்கிட்டிருந்தேன். எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி பார்த்தார். முப்பத்தைந்து வீடு சண்டைக்கு முந்தியது. முன் வரிசையில் தெருவோரம் நிற்கும் ஆறு வீடு சண்டைக் காலத்தில் கட்டியது, அதையும் எழுதியிருந்தேன்.

"மகள், இது நல்ல கத்தி," என்றார் நூர்தீன். "ஆனா பிடியிலயும் கூர் இருக்கு, கவனம்."

ஆறு வீடு

அந்த ஆறில் ஒன்று பெர்னதெத்தின் அண்ணன் சூசையுடையது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். எந்த வருடம் கட்டினீர்கள் என்று நான் கேட்டபோது, ஒளிக்காமல் சொன்னவரும் அவர்தான். பலகைக் கதிரையைத் துடைத்துப் போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் தந்துதான் சொன்னார். வழக்கு நாளுக்கு முந்திய கிழமை பெர்னதெத் வெள்ளவத்தைக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை. "அந்த ஆறையும் பழசு எண்டு எழுதினா என்ன? ஒரு வரிதானே?" என்றாள்.

ஒரு வரிதான். ஒரு வரி பொய் என்று எதிர்ப்பக்கத்து வக்கீல் காட்டிவிட்டால் நாற்பத்தொன்றும் போய்விடும் என்று விளக்கினேன். அது நியாயம்தான். ஆனால் முழு உண்மை அதுவல்ல. பிடிபடாது என்று தெரிந்திருந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன். நடந்தும் அளந்தும் கேட்டும் எழுதிய புத்தகம் அது. அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. மாட்டேன் என்றேன். அந்தச் சொல்லை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது வாயில் கசந்தது. நான் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன். சொல்லும்போது நான் ஏன் எழும்பி நின்றுகொள்கிறேன் என்றுதான் தெரியவில்லை. பெர்னதெத் கேற்றைச் சாத்திவிட்டு, அதன் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்:

"கோடு கீறுறவங்கட வீட்டுக்கு நடுவால ஒருநாளும் கோடு போறதில்ல."

நாடா யாருடையது

பேராசிரியருக்குச் செய்தி எட்டியிருந்தது. கூப்பிட்டார். வழக்கு வம்புகளில் பல்கலைக்கழகத்துப் பூமிசாஸ்திரப் பகுதியின் பெயர் அடிபடக்கூடாது; ஆகவே நான் சாட்சிக்குப் போகக்கூடாது, தோட்டத்தைப் பற்றிய அத்தியாயத்தையும் எடுத்துவிட வேண்டும் என்றார். மிச்சத்தை வைத்தே எம்.ஏ. தரலாமாம். மிச்சம் என்றால் முன்னுரையும் நன்றியுரையும்தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படத்தை அளந்த நாடா பகுதியின் சொத்து, ஆகவே படமும் பகுதியினுடையது என்றார்.

பையிலிருந்து நாடாவை எடுத்து, ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்து, அவர் மேசையில் வைத்தேன். "நாடா இதோ, சேர். நடந்த கால் என்னுடையது" என்றேன். அப்படிச் சொல்லத் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நான் கதவடிக்குப் போகும்வரை அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கோபக் குரலில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மிக மரியாதையாகச் சொன்னார்:

"உங்கள் கட்டுரையை அனுப்பமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, மிஸ் பூரணம்; எப்போது அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை."

தலை இடிபட்டது

கோர்ட்டில் எதிர்ப்பக்கத்து வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் நிலம் அளக்க அனுமதி பெற்ற சேவேயரா? இல்லை. உங்களை அளக்கச் சொன்னது யார்? யாருமில்லை. அப்படியானால் இந்தப் படத்துக்கு என்ன பெறுமதி? "போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும், அதுதான் பெறுமதி" என்றேன். அவர் பழைய படத்தை உயர்த்திக் காட்டி, "இதில் தென்னைமரம்தான் இருக்கிறது, வீடில்லை" என்றார். "மரம் பதினொன்றும் இன்றைக்கும் அங்கே நிற்கிறது, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குள் நிற்கிறது" என்றேன். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரை வெளியே அனுப்பினார்கள்.

நீதவான் நேரில் பார்க்கப் புறப்பட்டார். அவர் தமிழர், ஆனாலும் கோர்ட்டில் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வந்ததை யாரும் கேட்டதில்லை. வக்கீல்மார் இரண்டு பக்கமும், நான் பின்னால். பெர்னதெத்தின் வீட்டில் குசினிக்குத் தூணாக நின்றது அந்தப் பழைய படத்துத் தென்னைகளில் ஒன்று. கூரையை அதில்தான் கட்டியிருந்தார்கள். குனிந்து நுழைந்த நீதவான் நிமிரும்போது கூரை வளைமரத்தில் நெற்றி இடித்தது. பெர்னதெத் ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்தாள். அவர் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து வக்கீலைத் தேடிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தமிழ் வந்தது:

"மிஸ்டர், உங்கட காலி நிலம் என்ர மண்டையை உடைச்சுப் போட்டுது."

திருத்தம்

முப்பத்தைந்து வீடும் நிற்கலாம் என்று தீர்ப்பு வந்தது. தெருவோரத்து ஆறும் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஆறுக்கும் சாட்சி என்னுடைய புத்தகம்தான். வக்கீல் அந்தப் பக்கத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். தீர்ப்பு வந்த அன்று தோட்டத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். நான் போகவில்லை. சூசை தன் கையாலேயே தகரத்தைக் கழற்றி அடுக்கினார் என்று கேள்விப்பட்டேன். பிறகு இரண்டு மாதம் கொட்டாஞ்சேனைப் பக்கமே என் கால் போகவில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆறுகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் அந்த எண்ணிக்கைதான் ஞாபகம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் பெர்னதெத் நின்றாள். கழுத்தில் அதே அங்குல நாடா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்ட வந்தவள் போல நேராகச் சொன்னாள்:

"அண்ணனும் அண்ணியும் பிள்ளைகள் ரெண்டும் இப்ப என்ட வீட்டில. ஒங்கட புத்தகத்தில எனக்கு ஆறு பேர் எண்டு இருக்கு. பத்து எண்டு திருத்துங்க."

அடுத்த கிழமை

ஒரு வருடம் பேராசிரியரின் மேசை லாச்சிக்குள் கிடந்தபிறகு என் கட்டுரை பரீட்சகர்களுக்குப் போனது. தோட்டத்து அத்தியாயமும் போனது. அதை எடுக்கும்படி இன்னும் இரண்டு தரம் கேட்டார்கள், இரண்டு தரமும் மாட்டேன் என்றேன். வாய்மொழிப் பரீட்சைக்கு வந்தவர் நகர நிர்மாணம் தெரிந்த ஒரு முதிய ஆங்கிலேயர். பக்கத்தில் எங்கள் பேராசிரியர் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். முதியவர் ஒரு மணித்தியாலம் என் படங்களையே புரட்டினார். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, நகரத்தைத் திட்டமிடும் பொறுப்பை உன்னிடம் தந்தால் இந்தத் தோட்டத்துக்கு என்ன திட்டம் போடுவாய் என்று கேட்டார்.

பூங்கா, அகலத் தெரு, மாடிவீடு என்று புத்தகங்களில் படித்த எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. "முதலில் இன்னொரு தண்ணீர்க் குழாய், சேர். பிறகு கதவில்லாத கக்கூசுக்கு ஒரு கதவு. மற்றதை அங்கே இருப்பவர்களைக் கேட்டுத்தான் சொல்லலாம்" என்றேன். பேராசிரியர் சன்னலிலிருந்து திரும்பினார். முதியவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்:

"இது ஒரு திட்டமே அல்ல, மிஸ், ஆனால் என் வாழ்நாளில் நான் கேட்ட திட்டங்களில் அடுத்த கிழமையே செய்யக்கூடியது இது ஒன்றுதான்."

பட்டம் தந்தார்கள், பூமிசாஸ்திரத்தில் மேற்படிப்புக்கு மூளை கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம், நல்ல செருப்பு மட்டும் இல்லாமல் இறங்காதீர்கள் என்பதே அதிலிருந்து நான் கண்ட முடிவு.